பெயரில் இருந்து போன ஒரு சொல்: மார்கரெட் டிரைவும் தாதிமைப் பராமரிப்பும்



குவீன்ஸ்டவுனில் மார்கரெட் டிரைவ் பக்கம் நடந்து போயிருக்கிறீர்களா? அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்காக இயங்கும் மைண்ட்ஸ் அமைப்பின் தலைமையகம் அந்தச் சாலையில்தான் இருக்கிறது. அதன் லீ கொங் சியான் கார்டன்ஸ் பள்ளியும், 1987இல் தொடங்கிய ரெயின்போ சென்டரின் பள்ளி ஒன்றும் அங்கேயே இருக்கின்றன. இந்தச் சாலையின் வரலாற்றை ஒரு பெயர்மாற்றத்தில் இருந்து படிக்கலாம்.

1962இல் அந்த அமைப்பு தொடங்கியபோது அதன் பெயர் 'சிங்கப்பூர் அசோசியேஷன் ஃபார் ரிடார்டட் சில்ட்ரன்'. 1985இல் அது 'மூவ்மென்ட் ஃபார் தி இன்டெலெக்சுவலி டிசேபிள்ட் ஆஃப் சிங்கப்பூர்' ஆனது. சுருக்கமாக மைண்ட்ஸ். 'ரிடார்டட்' என்ற புண்படுத்தும் சொல் போனதை எல்லாரும் கவனிப்போம். கூடவே இன்னொரு சொல்லும் போயிருக்கிறதே, பார்த்தீர்களா? 'சில்ட்ரன்', அதாவது குழந்தைகள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1962இல் ஏழு வயதாக இருந்த பிள்ளைக்கு 1985இல் முப்பது வயது. இன்று எழுபது தாண்டியிருக்கும். ஆனாலும் நாம் இன்னமும் 'பாவம், அந்தப் பிள்ளைங்க' என்றுதான் பேசுகிறோம்.

ஆயுள் கூடியதுதான் இதில் பெரிய மாற்றம். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் அமெரிக்காவில் 1983இல் ஏறக்குறைய 25 ஆண்டுகள். இன்று ஏறக்குறைய 60. இது மருத்துவத்தின் வெற்றி. ஆனால் வயது கூடக்கூடத் தேவைகளும் கூடுகின்றன. இவர்களுள் ஏறத்தாழ பாதிப்பேர் இதயக் குறையுடன் பிறக்கிறார்கள். தைராய்டுச் சிக்கல் வரலாம். மறதிநோய் மற்றவர்களைவிட முன்னதாகவே வரலாம். அறிவுத்திறன் குறைபாடு உள்ள பலருக்கு வலிப்பு நோயும், விழுங்குவதில் சிரமமும் உண்டு. உணவு மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா வந்து உயிரையே பறிக்கலாம். ஆகவே, வகுப்பறையில் தொடங்கிய கதை தாதியின் கைக்கு வந்து சேர்கிறது.

இந்தத் தாதிமையில் எது கடினம்? ஊசி போடுவது அல்ல. வலியைச் சொல்லத் தெரியாதவரின் வலியைக் கண்டுபிடிப்பதுதான். நேற்றுவரை நன்றாகச் சாப்பிட்டவர் இன்று தட்டைத் தள்ளுகிறார், தலையில் அடித்துக்கொள்கிறார். 'அவர் அப்படித்தான், அது அவர் குணம்' என்று விட்டுவிட்டால், பல்வலியோ மலச்சிக்கலோ கவனிக்கப்படாமல் போகும். பிரிட்டனில் மென்கேப் அமைப்பு 2007இல் வெளியிட்ட அறிக்கை, இத்தகைய ஆறு பேர் மருத்துவச் சேவையின் பராமரிப்பில் இருந்தபோது இறந்ததை எடுத்துக்காட்டியது. 'அலட்சியத்தால் மரணம்' என்பதே அதன் தலைப்பின் பொருள். அந்நாட்டில் கற்றல் குறைபாட்டுத் தாதிமை, தாதியர் பதிவின் நான்கு துறைகளுள் ஒன்று. முன்பு எப்படி இருந்தார், இன்று என்ன மாறியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே அதன் அடிப்படை.

தமிழாசிரியர்களாகிய நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். என் மாணவி ஒருத்தி கட்டுரையில் எழுதியிருந்தாள்: "அண்ணனுக்கு வலிச்சா 'உவ்வா'னு சொல்வான். அது எங்க அம்மாவுக்கு மட்டும்தான் புரியும்." அம்மா இல்லாத நேரத்தில், தமிழ் தெரியாத தாதிக்கு அந்தச் சொல் எப்படிப் புரியும்?

பிரிட்டன் மருத்துவமனைகளில் 'ஹாஸ்பிடல் பாஸ்போர்ட்' என்று ஒன்று உண்டு. நோயாளிக்குப் பிடித்தது, பயப்படுவது, விழுங்கும் விதம், வலியைக் காட்டும் விதம் எல்லாம் அதில் எழுதியிருக்கும். நம் மாணவர் வீட்டிலும் அப்படி ஒரு தாளை எழுதலாமே! வீட்டுத் தமிழ்ச் சொல் ஒரு பக்கம், அதன் ஆங்கிலப் பொருள் எதிரே.

2019 முதல் கட்டாயக் கல்விச் சட்டம் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளையும் உள்ளடக்குகிறது. நல்ல செய்திதான். ஆனால் பள்ளி ஒருநாள் முடியும், பெற்றோருக்கும் வயதாகும். 1985இலேயே பெயரில் இருந்து போய்விட்ட 'குழந்தைகள்' என்ற சொல் நம் பேச்சில் இருந்தும் போகட்டும். அடுத்த முறை இவர்களைப் பற்றிக் கட்டுரை எழுதும்போது, 'இவருக்கு வயது என்ன? வலித்தால் எப்படிச் சொல்வார்?' என்ற இரண்டு கேள்விகளோடு தொடங்குங்கள்.