குழாயும் குமிழித் தூம்பும்

பேராவூரணியில் மாமா வீட்டுக்குப் போயிருந்தபோது இரண்டு இரவுகள் எனக்குத் தூக்கமே இல்லை. கொசுவைக் குறை சொல்ல மாட்டேன். குளியலறைக் குழாய்தான் காரணம். 'டொக், டொக்' என்று யாரோ விடிய விடியக் கதவைத் தட்டுவது போல அது சொட்டிக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் காலையில் ஒரு லிட்டர் செம்பை அதன் அடியில் வைத்தேன். ஒரு மணி நேரத்தில் நிரம்பிவிட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாளுக்கு 24 லிட்டர். வருஷத்துக்கு 8,760 லிட்டர்!

"பிளம்பருக்குச் சொல்லி அனுப்பலாமே, மாமா" என்றேன்.

மாமாவுக்கு எண்பது வயது. முழங்கால் மடங்காது, வாய் மட்டும் நன்றாக மடங்கும்.

"மடையில கசிஞ்சா எவனாவது வருவான்னு வரப்புல உக்காந்திருப்பியா மாப்ளே? இதுவும் மடைதான். கழட்டு" என்றார். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மேஸ்திரி போல உட்கார்ந்தும் விட்டார்.

அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் வால்வை மூடினேன். குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிட்டேன். கழற்றும் திருகாணி உருண்டு போய்விடாமல் இருக்க, தண்ணீர் போகும் துவாரத்தில் பழந்துணியை அடைத்தேன். திருப்புளியால் பிடியைக் கழற்றினேன். அதன் கீழே இருந்த அறுகோண மரையில் துணியைச் சுற்றி, ஸ்பானரால் இடப்பக்கமாகத் திருகினேன். தண்டு வெளியே வந்தது. அதன் நுனியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு ரப்பர் வாஷர். வருஷக்கணக்காக அழுந்தி அழுந்தி, வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தது. அத்தனை தண்ணீரும் அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் தப்பி ஓடியிருக்கிறது.

தண்டைக் கையில் பிடித்துப் பார்த்தபோது எங்கோ கண்ட உருவமாகத் தோன்றியது. பேராவூரணிக்கு மேற்கே கொஞ்ச தூரத்தில் புதுக்கோட்டைச் சீமை. அங்குள்ள பழைய குளங்களுக்குள் இரண்டு கல் தூண்கள் நிற்பதை வாசகர்கள் பார்த்திருக்கலாம். தூண்களுக்கு நடுவே குறுக்குக் கற்கள், அவற்றில் துளைகள். அந்தத் துளைகள் வழியாக ஒரு கம்பை இறக்கி, அதன் நுனியிலுள்ள அடைப்பானால் கீழேயுள்ள கண்ணை மூடுவார்கள். தூக்கினால் தண்ணீர் பாயும். குமிழித் தூம்பு என்று அதற்குப் பெயர். ஒரு துவாரம், ஒரு அடைப்பான், ஒரு தண்டு: குழாயும் அவ்வளவுதான். இங்கிலாந்தில் ராதர்ஹாம் நகரத்துக் கெஸ்ட் அண்ட் கிரைம்ஸ் என்ற பித்தளைப் பட்டறைக்காரர்கள் 1845-இல் திருகு குழாய்க்குக் காப்புரிமை வாங்கினார்கள். நம்முடைய தூம்பில் தூக்கி இறக்கிய தண்டை அவர்கள் திருகி இறக்கினார்கள்; அடைப்பானுக்குப் பதில் வாஷர்.

சூத்திரம் ஒன்றாக இருக்கலாம். அதைப் பழுது பார்த்தது யார் என்பதில்தான் சரித்திரம் இருக்கிறது. முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில், 919-லும் 921-லும், ஏரி வாரியம் என்றே ஒரு குழு சொல்லப்படுகிறது. அந்தந்த ஊர் நீர்நிலையை அந்தந்த ஊரே பேணுவது வழக்கம். பிற்காலத்தில் இதைக் குடிமராமத்து என்றார்கள். வழக்கம் தளர்ந்தபோது கும்பினியார் 1858-இல் சென்னை ராஜதானிக்குக் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று போட்டார்கள். வழக்கப்படி செய்யவேண்டிய வேலையைச் செய்யாதவனிடம் பணமாக வசூலிக்கலாம் என்று ஏற்பாடு. சொந்த வேலை சர்க்கார் வேலை ஆயிற்று. சர்க்கார் வேலை என்றால் யாரும் அவசரப்படமாட்டார்கள் என்பது தெரிந்த சமாசாரம்.

பழங்காலமெல்லாம் பொற்காலம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மண்வெட்டி பிடித்துச் சேற்றில் இறங்கியவர்களில் எத்தனையோ பேருக்கு அந்த ஏரியின் கீழே ஒரு குழி நிலம் கூடக் கிடையாது. வேலை ஒருவனுக்கு, விளைச்சல் வேறொருவனுக்கு என்றிருந்த மராமத்து நீடிக்காமல் போனதில் என்ன ஆச்சரியம்?

பேராவூரணி கடைமடை ஊர். 1934-இல் மேட்டூர் அணை திறந்தபோது, அந்தத் திட்டத்தோடு வெட்டிய கல்லணைக் கால்வாய்தான் இந்தப் பக்கத்துக்குக் காவேரியைக் கொண்டுவந்தது. மேலே ஒருவன் ஒரு மடையைச் சரியாகச் சாத்தாவிட்டால் இங்கே ஒரு வயல் காயும். ஆகவே கசிவு என்ற சொல்லுக்கு இந்த ஊரில் அர்த்தம் கொஞ்சம் அதிகம். 2018 நவம்பரில் கஜா புயல் வந்து தென்னைகளைச் சாய்த்தது. மின்சாரம் போயிற்று, மோட்டார் ஓடவில்லை.

"இந்தக் குழாயில பொட்டுத் தண்ணி வராம வாரக்கணக்கா இருந்தோம் மாப்ளே" என்றார் மாமா.

மறு வருஷமே ஊர் இளைஞர்கள் சங்கமாகச் சேர்ந்து, பணம் திரட்டி, பேராவூரணிப் பெரியகுளத்தைத் தூர் வாரினார்கள். எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

பெரியகுளத்தை நினைத்துக்கொண்டே கடைத்தெருவில் அதே அளவு வாஷர் வாங்கிவந்து போட்டேன். வால்வைத் திறந்தேன். குழாய் மறுபடியும் சொட்டிற்று! எனக்கு அழுகை வராத குறை.

"அடைப்பானை மாத்தினே. அது உக்கார்ற எடத்தைப் பாத்தியா?" என்றார் மாமா.

மறுபடி கழற்றி, உள்ளே விரலை விட்டுத் தடவினேன். வாஷர் வந்து அமரும் பித்தளை விளிம்பில் உப்பு சொரசொரவென்று படிந்திருந்தது. ஆழ்குழாய்த் தண்ணீரின் கைங்கரியம். விளிம்பு கீறாமல் தேய்த்து, துடைத்து, மறுபடி பூட்டினேன். பலமாக முறுக்கவில்லை, முறுக்கினால் புது வாஷரும் சீக்கிரமே நசுங்கிவிடும். சொட்டு நின்றது.

அன்றிரவு நன்றாகத் தூங்கலாம் என்று படுத்தேன். நடு நிசியில் மாமா திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

"தூக்கம் வரலையா, மாமா?"

"சத்தமே இல்லியே, மாப்ளே. மோட்டார் தண்ணி ஏறலையோன்னு பயம் வந்துடுச்சு."

நான் எழுந்து போய்க் குழாயை ஒரு தரம் திறந்து காட்டினேன். தண்ணீர் விழும் ஓசையைக் கேட்ட பிறகுதான் அவர் உள்ளே வந்து படுத்தார்.