தோள்சீலையும் குப்பாயமும்

ஆடை மனிதனுக்கு வெயிலையும் குளிரையும் தடுக்கிறது, மானத்தையும் காக்கிறது. இவ்விரண்டு பயன்களை எவரும் மறுக்கமாட்டார். ஆனால், இன்னாருடைய மானம் காக்கப்படலாம், இன்னாருடைய மானம் காக்கப்படலாகாது என்று ஓர் அரசாங்கமே விளம்பரம் செய்து வைத்த காலமும் நம் தென்கோடியில் இருந்தது. அது நெடுந்தொலைவான புராண காலமன்று. சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டு. இடமும் தொலைவில் இல்லை. 1956 நவம்பர் முதல் நாளன்று தமிழகத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாகிய தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்களே அந்த இடம். அன்று அவை திருவிதாங்கூர் மன்னராட்சியின் தென்பகுதியாக இருந்தன. அங்கே நிகழ்ந்ததைச் சரித்திரம் ‘தோள்சீலைக் கலகம்’ என்று குறிக்கிறது.

அந்நாட்டில் மார்பைத் திறந்து நிற்பது மரியாதைக்கு அடையாளமாகக் கொள்ளப்பட்டது. தாழ்ந்தோர் உயர்ந்தோர் முன்னிலையில் மேலாடையை அகற்றி நிற்க வேண்டும். நாயர் குலப் பெண்கள் நம்பூதிரிகளின் முன்னிலையில் அவ்வாறு நின்றனர். நம்பூதிரிகளோ தாம் வணங்கும் தெய்வத்தின் முன்னிலையில் மட்டுமே நின்றனர். இந்த ஏணியின் கீழ்ப்படிகளில் வைக்கப்பட்டிருந்தவர்களுக்கு மேலாடையை எடுப்பது, போடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. நாடார் குலப் பெண்களும், அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்ட குலத்துப் பெண்களும் இடுப்புக்கு மேல் எப்போதுமே ஆடையின்றி இருக்கவேண்டும் என்பது வழக்கம். வழக்கமே அங்கே சட்டம்.

இது மட்டுமா? நாடார்கள் குடை பிடிக்கலாகாது, செருப்பு அணியலாகாது, பொன்னகை பூணலாகாது, மாடி வைத்து வீடு கட்டலாகாது. பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் சுமக்கலாகாது. இவற்றையெல்லாம் ஒருங்கே வைத்து நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். தெருவில் வருகிறவர் இன்ன படியில் நிற்பவர் என்பதைத் தொலைவிலேயே கண்டறிய வேண்டும். அந்தப் படியை எழுதி வைக்கும் பலகையாகப் பெண்ணின் உடல் பயன்படுத்தப்பட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மார்பு வரிக்காகத் தன் உடலையே அறுத்துக் கொடுத்து உயிர் நீத்தாள் என்று நங்கேலி என்ற பெண்ணைப் பற்றிய செய்தி பலராலும் பேசப்படுகிறது. அது சேர்த்தலைப் பகுதியில் வழங்கும் வாய்மொழி மரபு. அறிவிப்பாளர் தொடரைப் பார்த்துச் செய்தியின் தரத்தை நிறுப்பது நம் மதரஸாக்கள் கற்பித்த முறை. அம்முறைப்படி அதனை வாய்மொழி மரபு என்ற அளவில் நிறுத்திக்கொள்வோம். அதன் துணையில்லாமலே இந்தச் சரித்திரத்தை நிறுவப் போதிய ஆவணங்கள் இருக்கின்றன.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாடார்களில் ஒரு சாரார் கிறிஸ்தவ மார்க்கத்தைத் தழுவினர். அப்போது ஆங்கிலேய ரெசிடெண்டாகவும் திவானாகவும் இருந்தவர் கர்னல் ஜான் மன்றோ. மதம் மாறிய பெண்கள் மார்பை மறைக்கலாம் என்று அவர் முதலில் ஓர் உத்தரவு பிறப்பித்தார். மேற்குலத்தார் வெகுண்டெழுந்தனர். படிகளின் வேறுபாடு அழிந்துவிடும், நாட்டில் எல்லாம் கலந்து குழம்பிவிடும் என்பது அவர்களுடைய முறையீடு. உத்தரவு திருத்தப்பட்டது. 1814ஆம் ஆண்டு வெளிவந்த புதிய உத்தரவின்படி, அப்பெண்கள் குப்பாயம் அணியலாம். நாயர் பெண்களைப் போல் தோள்சீலை போடலாகாது.

குப்பாயம் என்பது சட்டையைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். எத்தகைய குப்பாயம்? சிரியன் கிறிஸ்தவர்களும், சோனகரும், மாப்பிள்ளைமாரும் அணிவதைப் போன்ற குப்பாயம் என்று உத்தரவு விளக்கம் தந்தது. வாசகர்கள் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். சோனகர் என்பது தமிழகம் நம் முன்னோருக்கு வழங்கிய பெயர். நம் பாட்டிமாரின் சட்டை ஓர் அரசாங்க உத்தரவில் அளவுகோலாக இடம் பெற்றிருக்கிறது! இது நமக்குப் பெருமை என்று சிலர் எண்ணலாம். உண்மையில், சாதி ஏணிக்குப் புறத்தே நிற்பவர்களின் ஆடை என்பதாலேயே அது தெரிந்தெடுக்கப்பட்டது. அதை அணிந்தால் எவருக்கும் போட்டியாகாது; எந்தப் படியும் அசையாது. அப்பெண்களின் நாணத்தைப் பற்றி அரசாங்கம் கவலை கொண்டிருந்தால், மறைக்கும் துணி சட்டையா சீலையா என்று ஏன் ஆராய வேண்டும்?

அப்பெண்கள் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த பாதிரிமாரின் மனைவியர் நாகர்கோயிலில் தளர்ந்த சட்டை ஒன்றைத் தைத்துப் பழக்கினர். அதனை அணிந்த பெண்கள் அதோடு நிற்கவில்லை. அதற்கு மேல் தோள்சீலையையும் போட்டுக்கொண்டு வெளியே வந்தனர். 1822 முதல் அங்காடிகளிலும் வழிகளிலும் அவர்கள் தாக்கப்பட்டனர். சீலைகள் பறித்துக் கிழிக்கப்பட்டன. 1823இல் பத்மநாபபுரம் நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆயினும் 1827க்குப் பின் கலவரம் மீண்டும் மூண்டது. ஜெபக் கூடங்களும் பள்ளிக்கூடங்களும் தீக்கிரையாயின.

1829 பிப்ரவரி 3ஆம் நாள் அரசு ஒரு பிரகடனம் வெளியிட்டது. அது தீர்ப்பைப் புறந்தள்ளி, தோள்சீலையைத் தடுத்து, சட்டையை மட்டும் அனுமதித்தது. அப்போது ஆட்சிப் பொறுப்பை வகித்தவர் ராணி கௌரி பார்வதி பாயி. அரியணையில் ஒரு பெண் இருந்தமையால் அங்காடியில் நின்ற பெண்ணுக்கு விடிவு பிறந்துவிடவில்லை. அதிகாரம் ஏணியின் பக்கமே பேசியது.

ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழிந்தன. இதற்கிடையில் சுவாமித்தோப்பில் தோன்றிய அய்யா வைகுண்டர், தம்மைப் பின்பற்றிய ஆண்களைத் தலைப்பாகை அணியச் செய்தார். தலை நிமிர்வதற்கும் ஓர் உடை வேண்டியிருந்தது. 1855இல் திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. 1858 நவம்பரில் விக்டோரியா ராணியின் பிரகடனம் வெளிவந்தது. மேற்குலத்தாரின் அச்சம் பெருகிற்று. ஒடுக்கப்பட்டோரின் நம்பிக்கையும் பெருகிற்று. 1858 இறுதியிலும் 1859 தொடக்கத்திலும் மீண்டும் பெண்களின் மேனியிலிருந்து துணி உரியப்பட்டது; வீடுகள் எரிந்தன. சென்னை கவர்னர் சர் சார்லஸ் டிரெவிலியன் தலையிட்டு வற்புறுத்திய பிறகு, உத்திரம் திருநாள் மகாராஜா 1859 ஜூலை 26ஆம் நாள் புதிய பிரகடனம் பிறப்பித்தார். அப்போது திவானாக இருந்தவர் டி. மாதவராவ்.

இப்பிரகடனத்தைப் பலர் முழு வெற்றி என்று எழுதுகின்றனர். அதன் வாசகத்தைக் கவனித்தால் வேறொன்று தெரியும். நாடார் பெண்கள் எந்த மதத்தினராயினும் மார்பை மறைக்கலாம்; கிறிஸ்தவப் பெண்களைப் போல் சட்டை அணியலாம்; மீனவக் குலப் பெண்களைப் போல் முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம்; ஆனால் உயர்குலப் பெண்களைப் போல் மட்டும் உடுத்தலாகாது. மறைப்பதற்கு அனுமதி கிடைத்தது. தனக்கு வேண்டியதைத் தானே தெரிந்துகொள்ளும் உரிமை அப்போதும் அரண்மனையிலேயே இருந்தது. ஏனைய ஒடுக்கப்பட்ட குலத்தாருக்குச் சலுகை வந்து சேர மேலும் ஆண்டுகள் ஆயின. 1915இல்கூட, புலையர் குலப் பெண்கள் தம் அடிமைச் சின்னமாகக் கழுத்தில் சுமந்த கல்மாலைகளை அறுத்தெறிய, அய்யன்காளியின் தலைமையில் கொல்லத்தில் கூட்டம் கூட வேண்டியிருந்தது. ஒருத்தியிடமிருந்து துணியைப் பறித்த கைதான் மற்றொருத்தியின் கழுத்தில் கல்லைக் கட்டியது.

‘இது பிற சமயத்தார் கதை, நமக்கும் இதற்கும் யாது தொடர்பு?’ என்று கேட்போர் நம்மிடையே இருக்கலாம். அவர்களுக்கு விடை நம் நூல்களிலேயே இருக்கிறது. அடிமை முறை நிலவிய காலத்து ஃபிக்ஹு நூல்களைப் புரட்டினால், சுதந்திரப் பெண் மறைக்க வேண்டிய அளவு வேறு, அடிமைப் பெண் மறைக்க வேண்டிய அளவு வேறு என்று பெரும்பாலான சட்ட அறிஞர்கள் எழுதியிருப்பதைக் காணலாம். அடிமைப் பெண்ணுக்கு ஆணுக்குரிய அளவே போதும் என்றவர்களும் உண்டு. அவளும் முஸ்லிமே, ஈமானில் குறைந்தவள் அல்லள். கால வழக்கத்தின் ஏணி அறிஞர்களின் பேனாவுக்குள்ளும் புகுந்திருந்தது. இதனை மறுத்துரைத்தவரும் நம்மிடையே இருந்தார். கி.பி. 11ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த இமாம் இப்னு ஹஸ்ம், பெண்ணின் இயல்பு ஒன்றே, மார்க்கமும் ஒன்றே, ஆகவே சுதந்திரப் பெண்ணுக்கும் அடிமைப் பெண்ணுக்கும் இதில் வேறுபாடில்லை என்று வாதித்தார். அவருடைய குரல் அன்று சிறுபான்மைக் குரல்தான். ஆயினும் தோள்சீலையின் கதையைப் படித்துவிட்டு அவருடைய வாதத்தைப் படிப்பவருக்கு அதன் கனம் புரியும்.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் 9ஆம் வகுப்புச் சரித்திரப் பாடத்தில் இந்நிகழ்ச்சி இடம்பெற்றிருந்தது. அதில் இருந்த சில வரிகளுக்கு ஆட்சேபம் எழுந்தது. பின்னர் அப்பகுதி தேர்விலிருந்து விலக்கப்பட்டது. 2019இல் உடை வரலாறு பற்றிய அத்தியாயமே நீக்கப்பட்டது. பிழையான வரியைத் திருத்தலாம். பிள்ளைகளின் நினைவிலிருந்தே ஒரு சரித்திரத்தை அகற்றிவிடலாமா? பாடநூல் சொல்லாததை வீடுதான் சொல்லியாக வேண்டும்.

வீடு சொல்லும்போது தன்னையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம். அரண்மனைகள் ஓய்ந்துவிட்டன, உடைக்கான பிரகடனங்களை இப்போது உறவினர்களும் அண்டை வீட்டாரும் வெளியிடுகின்றனர். பெண் பார்க்க வந்தோர் நிறத்தை நிறுக்கின்றனர், பருமனை அளக்கின்றனர், கழுத்தில் எத்தனை பவுன் என்று எண்ணுகின்றனர். அந்தப் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளை அவையின் நடுவே நிற்கிறாள். அவளுடைய உடலைப் பற்றி எல்லாரும் பேசுகின்றனர். அவளிடம் மட்டும் ஒருவரும் பேசுவதில்லை. ஹயா என்ற நாணம் அடியாளுக்கும் படைத்தவனுக்கும் இடையிலுள்ள பொறுப்பு. அது உள்ளத்திலிருந்து மலர வேண்டியது. அதைச் சொல்லிக்கொடுப்பது பெற்றோர் கடமை. குடும்ப அந்தஸ்தை எழுதி மாட்டும் பலகையாக மகளை நிறுத்துவது அக்கடமையைச் சேர்ந்ததாகாது.

சரித்திர நூல்கள் ரெசிடெண்டுகளையும் திவான்களையும் பெயர் சொல்லி நினைவில் வைத்திருக்கின்றன. கிழிக்கப்பட்ட சீலையை வீட்டில் வைத்துவிட்டு, மறுநாளும் இன்னொரு சீலையைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போன பெண்களின் பெயர்களை நாம் தேடித்தான் காண வேண்டும். ஆயினும் 1814 முதல் 1859 வரை வெளிவந்த ஒவ்வோர் உத்தரவும் அவர்களுடைய அந்த நடைக்குப் பின்னால்தான் வந்தது.