கீரை வேண்டாம், பாபு!

ஜாம்நகர் பிராஞ்சுக்கு ட்ரான்ஸ்பர் ஆகி வந்தபோது பாலாசடி என்பது எனக்கு வெறும் கடற்கரை ஊர். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க.

2021 மே மாசம், கொரோனா இரண்டாம் அலையில் என் பொண்ணோட தோழியின் அப்பா போய்விட்டார். ஆறுதல் சொல்லப் போன இவள், திரும்பி வந்து புத்தகத்தை மூடிவிட்டாள். "படிச்சு என்னப்பா ஆகப்போகுது?" பதினாலு வயசு. எனக்குப் பதில் தெரியலை. தங்கமணி "விடுங்க, தானா சரியாகும்" என்றாள். ஆகலை.

டிசம்பரில் ஒரு ஞாயிறு பாலாசடிக்குக் கூட்டிப் போனேன். இப்போ அங்கே சைனிக் பள்ளி இருக்கு. 1942-ல் அதே ஊரில் போலந்துக் குழந்தைகளின் முகாம் இருந்தது. 1940-41-ல் சோவியத் அரசு சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் நாடு கடத்திய குடும்பங்களின் பிள்ளைகள். பலருக்குப் பெற்றோர் பசியிலும் குளிரிலும் செத்துப் போயிருந்தார்கள். அஷ்கபாத்திலிருந்து லாரிகளில் கிளம்பி, ஈரான், குவெட்டா தாண்டி பம்பாய் வந்தவர்களுக்கு இடம் கொடுத்தவர் நவநகர் மன்னர் ஜாம் சாகேப் திக்விஜய்சிங். (கிரிக்கெட் ரஞ்சியின் தம்பி மகன்!) மொத்தம் ஆயிரம் பேர் என்பார்கள், அவ்வளவு இல்லை என்பாரும் உண்டு. கணக்கு டேலி ஆகாவிட்டால் பேங்க் ஆளுக்குத் தூக்கம் வராது, ஆனாலும் விட்டுட்டேன்.

'இனி நீங்க அநாதை இல்லை, நான் உங்க பாபு' என்ற அர்த்தத்தில் பேசினாராம். அந்தப் பேச்சைத்தான் எல்லோரும் சொல்றாங்க. எனக்கென்னவோ அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிசாத் தெரியுது. போலிஷ் மொழியிலேயே பள்ளி, சாரணர் படை, கால்பந்து. பிள்ளைகள் நாடகம் போட்டால் மன்னரே வந்து உட்கார்ந்து பார்ப்பார். உன் ஊரை மற, அழாதே என்று யாரும் சொல்லலை. நாளைக்குக் காலையில் வகுப்பு இருக்கு, சாயங்காலம் மேட்ச் இருக்கு, அவ்வளவுதான்.

அங்கே வளர்ந்த ஒருவர் பின்னாளில் சொன்ன கதை ஒண்ணு. தினமும் பசலைக்கீரை போட்டதால் பிள்ளைகள் ஸ்ட்ரைக் பண்ணினார்களாம். மன்னர் கேள்விப்பட்டு, இனி கீரையே சமைக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டாராம். பட்டினி கிடந்து வந்த பிள்ளை, சாப்பாடு பிடிக்கலைன்னு சொல்ற அளவுக்குத் தைரியம் வந்தாச்சே!

1946-ல் முகாம் மூடி, மீதிப் பேர் கோலாப்பூர் பக்கம் வலிவடே போனார்கள். வார்சாவில் இன்று 'நல்ல மகாராஜா' பெயரில் ஒரு சதுக்கம் இருக்கு.

திரும்பும்போது காரில் ரொம்ப நேரம் பேச்சே இல்லை. துவாரகா ரோடு சிக்னலில் கேட்டாள்: "அடுத்த ஞாயித்துக்கிழமை அவளை நம்ம வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடலாமாப்பா?"

"தாராளமா."

"அம்மாகிட்ட சொல்லிடுங்க, கீரை வேண்டாம்னு."