கந்தளாய்க் குளமும் படித்திறனும்

கந்தளாய்க் குளத்தைக் கட்டியவர் யார் என்ற வினா நம்மிடையே நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருகின்றது. கோணேசர் கோயில் வயல்களுக்கு நீர் பாய்ச்சும் பொருட்டுக் குளக்கோட்டன் அதனை அமைத்தான் என்பது திருகோணமலைத் தமிழ் மரபு. சூளவம்சமோ 7ஆம் நூற்றாண்டில் அரசாண்ட இரண்டாம் அக்கபோதிக்கு அதனை உரித்தாக்குகின்றது. இவ்விரு கூற்றுக்களையும் முன்வைத்து வாதிட்டோர் பலர். கட்டியவர்கள் எத்தகைய கணக்கறிவு உடையவராயிருந்தனர் என வினவியோர் சிலரே. தமிழ் மரபு அவ்வேலையைப் பூதங்களிடம் ஒப்படைத்துவிட்டது. சிங்கள மக்களும் தம் பெருவாய்க்கால்களை ‘யோத எல’, அதாவது இராட்சத வாய்க்கால் என்றே அழைத்தனர். மண் சுமந்தவனையும் மட்டம் பார்த்தவனையும் இரு மரபுகளும் ஒருங்கே மறந்தன.

கந்தளாய்க்கு வரும் நீர் அயலிலே பெய்த மழைநீர் மட்டுமன்று. அம்பன் கங்கையின் நீர் எலஹெரவிலே திருப்பப்பட்டு மின்னேரியாவை அடைந்து, அங்கிருந்து கால்வாய் வழியே கந்தளாயை நோக்கி வந்தது. இத்தகைய நெடுங்கால்வாய்க்கு இன்றியமையாதது படித்திறன். நிலைக்குத்து உயர்வைக் கிடைத்தூரத்தால் வகுக்க வரும் எண்ணே படித்திறன் எனப் பாடசாலையிற் கற்கிறோம். நேர்கோட்டின் எவ்விரு புள்ளிகளை எடுப்பினும் அவ்வெண் மாறாதிருப்பதன் காரணம், அங்கு அமையும் செங்கோண முக்கோணிகள் யாவும் இயல்பொத்தவையாய் இருப்பதே. மாணவர் விடையை எழுதிவிடுவர்; மாறாமை எதற்கு வேண்டும் என்பது பலருக்கு விளங்குவதில்லை.

அளவு நன்கு அறியப்பட்ட ஒரு கால்வாயைக் கொண்டு இதனை விளக்கலாம். 5ஆம் நூற்றாண்டில் தாதுசேனன் காலத்தில் கலாவாவியிலிருந்து அநுராதபுரத்துக்கு வெட்டப்பட்ட ஜயகங்கை ஏறத்தாழ 54 மைல் நீளமுடையது. அதன் முதல் 17 மைல்களில் சரிவு மைலுக்கு ஏறத்தாழ 6 அங்குலமே. ஒரு மைலில் 63,360 அங்குலம் உண்டாதலின் படித்திறன் 10,560இல் ஒரு பங்கு. பதினேழு மைலுக்கும் மொத்த இறக்கம் 102 அங்குலம், அஃதாவது எட்டரை அடி. சரிவை இருமடங்காக்கியிருப்பின் இறக்கமும் இருமடங்காகி, கால்வாய் பதினேழாம் மைலில் எட்டரை அடி கீழே சென்றிருக்கும். அந்த இடைப்பட்ட உயரத்து நிலங்கள் நீர் பெறா. நீரோட்டமும் விரைந்து கரையை அரித்திருக்கும். சரிவு மிகக் குறைந்தாலோ வண்டல் படிந்து கால்வாய் தூர்ந்துவிடும். மேட்டுப்பக்கத்தை நிலத்தின் இயல்பான உயர்வுக்கே விட்டுத் தாழ்பக்கத்தில் மட்டும் கரையெழுப்பிய ஒற்றைக்கரை முறையைக் காண்கையில், நீரையே மட்டக்கோலாகக் கொண்டனரோ என எண்ணத் தோன்றுகின்றது.

அணைக்கும் விகிதம் உண்டு. நீரின் அமுக்கம் ஆழத்துக்கு நேர்விகிதசமன். ஆழம் இரட்டித்தால் அமுக்கமும் இரட்டிக்கும். ஆகவேதான் மண்ணணையின் அடி அகன்றும் முடி ஒடுங்கியும் இருபுறமும் சரிந்தும் அமைகின்றது. மதகுவாயிலே நீரின் வேகத்தைத் தணிக்க அமைந்த சதுரக் கிணறாகிய பிசோகொட்டுவ, வால்வின் தொழிலைச் செய்ததென ஹென்றி பார்க்கர் 1909இல் வெளியான தம் நூலில் விளக்கினார். இவ்வமுக்கத்தின் வலிமையைக் கந்தளாய் மக்கள் நூலிற் கற்கவில்லை. 1986 ஏப்ரல் 20ஆம் நாள் அதிகாலை அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வீடுகளும் வயல்களும் அழிந்தன.

நீரைப் பங்கிடுவதிலும் விகிதசமனே ஆண்டது. மழை குறைந்த போகத்தில் குளத்துக்கு அணித்தான வயல்களை மட்டும் விதைத்து, அவற்றை எல்லாக் காணிக்காரருக்கும் அவரவர் உடைமைக்கேற்பத் தற்காலிகமாகப் பகிரும் ‘பெத்ம’ எனும் வழக்கம் இலங்கையின் குளக்கிராமங்களிலே இருந்தது. மூன்றில் ஒரு பங்கு நிலத்துக்கே நீர் உண்டெனின், மூன்று ஏக்கர் உடையவன் ஒன்றையும், பதினைந்து உடையவன் ஐந்தையும் செய்வான். உடைமையைக் கிடையச்சிலும் பங்கை நிலையச்சிலும் குறித்தால் நேர்கோடொன்று கிடைக்கும்; அதன் படித்திறன் அவ்வாண்டு மழையைப் பொறுத்தது. நல்ல மழையில் அது ஒன்றாகும், வரட்சியிற் குறையும். எவ்வாண்டாயினும் அக்கோடு பூச்சியத்திலிருந்தே தொடங்கும். காணியில்லாக் கூலியாளுக்கு அக்கணக்கிற் பங்கில்லை.