இருளில் உடன் நடந்த எக்காளம்

எக்காளம் என்றதும் விவிலிய வாசகர்களாகிய நமக்கு எரிகோவின் மதில்களும் இறுதித் தீர்ப்பு நாளுமே நினைவுக்கு வருகின்றன. நம் ஊர்த் தேர்பவனிகளில் பேண்டு இசைக்குழுவினர் ஊதும்போதும் அறிவிப்பின் தொனியே அதில் மேலோங்கி நிற்கிறது. அந்தக் கருவி எதையும் அறிவிக்காமல், எவரையும் தீர்ப்பிடாமல், ஒரு பாவியின் அருகே மெல்ல நடந்த இரவொன்று இசை வரலாற்றில் உண்டு.

1957ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இரவு. பாரிஸ் நகரின் போஸ்ட் பரிசியன் ஒலிப்பதிவுக்கூடத்தில் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் தம் ட்ரம்பெட்டுடன் வந்து நின்றார். வயது 31. அவரை அழைத்திருந்த இயக்குநர் லூயி மால் 25 வயதே நிரம்பியவர். (இவர்தாம் 1968இல் நம் நாட்டுக்கு வந்து, சென்னைத் தேர்த்திருவிழாவையும் ஆவணப்படமாக்கியவர்.) அவருடைய முதல் கதைப்படமான ‘தூக்குமேடைக்கு ஒரு மின்தூக்கி’ இசைக்காகக் காத்திருந்தது.

கதை எளிது. ஒருவன் தன் காதலியின் கணவனைக் கொல்கிறான். தப்பும் வேளையில் மின்தூக்கிக்குள் சிக்கிக்கொள்கிறான். அவன் வரவில்லையே என்று ஃப்ளோரான்ஸ் என்னும் அப்பெண் இரவெல்லாம் பாரிஸ் தெருக்களில் அலைகிறாள்.

எழுதப்பட்ட இசைக்குறிப்பு ஏதும் அன்று இல்லை. படத்தை முன்னரே பார்த்திருந்த மைல்ஸ் சில சுரக்கூட்டுகளை மட்டும் தம் தோழர்களுக்குச் சொல்லிவைத்தார். திரையில் காட்சிகள் திரும்பத் திரும்ப ஓட, அவற்றைப் பார்த்தவாறே அவர்கள் வாசித்தார்கள். டெனர் சாக்ஸஃபோனில் 20 வயது பார்னே விலென், பியானோவில் ரெனே உர்த்ரெஷே, பாஸ் கருவியில் பியேர் மிஷ்லோ, தாளத்தில் பாரிசிலேயே குடியேறிவிட்ட அமெரிக்கர் கென்னி கிளார்க். பொழுது புலர்வதற்குள் பணி முடிந்தது. படத்தில் ஒலிப்பது ஏறத்தாழ 18 நிமிட இசையே. முழுப்படத்தையும் இசையால் மூடிவிடும் பழக்கமுள்ள நம் திரையுலகு இதைச் சற்றே எண்ணிப்பார்க்கலாம்.

ஃப்ளோரான்சாக நடித்த ழான் மொரோ, ஷான்ஸெலிஸே சாலையில் நடக்கும் காட்சியே படத்தின் உயிர். ஒளிப்பதிவாளர் ஆன்ரி தெக்காயே கடை வெளிச்சத்தையே விளக்காகக் கொண்டு, குழந்தைகளைத் தள்ளிச்செல்லும் வண்டியில் படக்கருவியை வைத்து அதனை எடுத்தார். அவள் முகத்தில் களைப்பு தெரிகிறது, ஒப்பனை தெரியவில்லை. ட்ரம்பெட் ஒரு சுரத்தை நீளப் பிடித்து, விட்டு, மௌனம் காக்கிறது. பின் மீண்டும் எழுகிறது. அழுகையாகவும் இல்லை, ஆறுதலாகவும் இல்லை. அவள் நடையின் வேகம் எதுவோ அதுவே அதன் வேகம்.

கொலைக்கு உடந்தையானவளுக்கு இத்தனை பரிவு தகுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் படம் அவளைத் தப்பவிடவில்லை. இறுதியில் புகைப்படக்காரரின் இருட்டறையில், நீரில் மிதக்கும் தாளில், காதலர் இருவரின் முகங்களும் மெல்லத் தெளிந்து சான்றாகின்றன. தீர்ப்பு அங்கே கிடைத்துவிடுகிறது. இசை அந்த வேலையைத் தன்மேல் போட்டுக்கொள்ளவில்லை. அவளை விட்டு விலகவும் இல்லை. குற்றத்தை மறுக்காமல் குற்றவாளியோடு இருப்பது நம் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு அந்நியமான செயலா, என்ன?

லூயி மாலுக்கு இந்நோக்கு எங்கிருந்து வந்தது என்று உறுதியாகக் கூறுவது மிகையாகலாம். ஆயினும் அவரது இளமையை நாம் மறக்க இயலாது. ஃபோந்தேன்புளோ அருகே ஆவோனில் கார்மேல் சபையினர் நடத்திய பள்ளியில் பயின்ற அவர், 1944 சனவரி 15 அன்று, 11 வயதுச் சிறுவனாக, நாத்சிக் காவலர் உள்ளே நுழைந்ததைக் கண்டார். ஒளித்துவைக்கப்பட்டிருந்த மூன்று யூத மாணவரும், அவர்களுக்கு அடைக்கலம் தந்த தலைமையாசிரியர் அருட்தந்தை ழாக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். சிறுவர் மூவரும் ஆஷ்விட்சில் மாண்டனர். முகாமிலிருந்து விடுதலை பெற்றும், உடல் தேறாத நிலையில் தந்தை ழாக் 1945 சூன் 2 அன்று லின்ஸ் நகரில் இறந்தார். அந்தக் காலைப்பொழுதைத் திரையில் சொல்ல மாலுக்கு 1987 வரை ஆயிற்று. அந்த டிசம்பர் இரவில் பியானோ வாசித்த உர்த்ரெஷேயின் தாயும் ஆஷ்விட்சில் மடிந்தவரே.

மைல்சுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1949இல் முதன்முறை பாரிசுக்கு வந்தபோது தாம் மனிதனாக நடத்தப்பட்டதை அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் நன்றியோடு நினைவுகூர்கிறார். தாயகம் அவரை நடத்திய விதம் வேறு. 1959 ஆகஸ்ட் 25 அன்று நியூயார்க்கில், தாம் வாசித்துக்கொண்டிருந்த ‘பேர்ட்லேண்ட்’ அரங்கின் வாயிலில், வெள்ளையினப் பெண்ணொருத்தியை வாடகைக் காரில் ஏற்றிவிட்டு நின்றவரை, இடத்தைவிட்டு நகரும்படி காவலர் ஒருவர் அதட்டினார். இங்கேதான் வேலை செய்கிறேன் என்று அவர் கூறியும் பயனில்லை. தலையில் அடிபட்டு, குருதி தோய்ந்த சட்டையுடன் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார்.

அதே 1959இல்தான் பாரிஸ் இரவின் இசை ‘ஜாஸ் ட்ராக்’ என்னும் இசைத்தட்டின் ஒரு பக்கமாக அமெரிக்காவில் வெளிவந்தது. படம் அங்கே திரைக்கு வருமுன்பே தட்டு வந்துவிட்டது. ஃப்ளோரான்சின் முகத்தையும் ஈரத்தெருவையும் பாராத கேட்போருக்கு, யாருக்கோ துணையாக இருளில் நடக்கும் அந்த ட்ரம்பெட் மட்டுமே கிடைத்தது.