பல்கனியில் நிற்கும் மனிதர்

அப்பாவும் மகனும் கழுதையைச் சந்தைக்குக் கொண்டுபோன கதை எங்கள் எல்லோருக்கும் தெரியும். மகன் ஏறினால் ஒரு குற்றம், அப்பா ஏறினால் இன்னொரு குற்றம், இரண்டு பேரும் ஏறினால் 'ஐயோ பாவம் கழுதை'. கடைசியில் கழுதையையே தூக்கிச் சுமந்து, அதையும் பறிகொடுத்தார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடேலாது எண்டு சின்ன வயதில் எங்களுக்குச் சொல்லித்தந்த பாடம் அது.

1981இல் இந்திய ஓவியர் பூபேன் கக்கர் இந்தக் கதையை எடுத்துத் தன்னையே வரைந்தார். 'எல்லோரையும் திருப்திப்படுத்த முடியாது' என்பது ஓவியத்தின் பெயர். கீழே தெருவில் கழுதைக் கதை நடக்கிறது. மேலே பல்கனியில் ஒரு மனிதர் உடுப்பில்லாமல், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். சினிமா நாயகனின் உடம்பு இல்லை. நடுவயது ஆளின் சாதாரண உடம்பு. அது கக்கரேதான்.

1934இல் பம்பாயில் பிறந்தவர், பட்டயக் கணக்காளர். 1962இல் பரோடாவுக்குப் போன பிறகும் சாப்பாட்டுக்குக் கணக்கு வேலை, மற்ற நேரம் ஓவியம். தையல்காரர், முடிதிருத்துபவர், மணிக்கூடு திருத்துபவர் என்று யாரும் வரையாத ஆம்பிளைகளை வரைந்தார். ஆனால், தான் ஆண்களை நேசிப்பவர் என்பதை மட்டும் நெடுங்காலம் ஒளித்து வைத்திருந்தார். 1979இல் இங்கிலாந்தில் தங்கியபோது, தன்னைப் போன்ற ஆண்கள் ஒளிக்காமல் வாழ்வதைக் கண்டார். 1980இல் அம்மா இறந்துபோனார். அடுத்த வருடம் இந்த ஓவியம். அப்போது அவருக்கு 47 வயது.

அந்தக் காலத்தில் இது சின்ன விசயமில்லை. பிரித்தானியர் 1860இல் எழுதிய 377ஆம் பிரிவு இந்தியாவில் நடைமுறையில் இருந்தது. எங்கட தண்டனைக் கோவையின் 365ஆம் பிரிவும் 1883இல் அதே ஆட்சி தந்ததுதான். இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் 377ஐத் தளர்த்தியபோது கக்கர் உயிரோடு இல்லை.

1990களின் கடைசியில் அவருக்குப் புரொஸ்ரேட் புற்றுநோய் வந்தது. ஆம்பிளைகள் வாய்திறந்து சொல்லக் கூசுகிற வருத்தம். அவர் அதையும் ஒளிக்கவில்லை. 'வயிற்றில் பாய்ந்த குண்டு' போன்ற கடைசிக்கால ஓவியங்களில் நோகிற, கிழிகிற, அசிங்கப்படுகிற ஆண் உடம்பை வரைந்தார். 2003இல் இறந்தார்.

2016இல் லண்டன் டேட் மொடேர்னில் அவருடைய பெரிய கண்காட்சி நடந்தது. அந்தப் பழைய ஓவியத்தின் பெயரைத்தான் அதற்கும் வைத்தார்கள். லண்டன் பத்திரிகை விமர்சகர் ஒருவர் அதைத் தாறுமாறாகத் திட்டி எழுதினார். ஊர் வாய் லண்டனிலும் ஊர் வாய்தான்.

'ஆம்பிளைப் பிள்ளை அழலாமோ?' என்ற கேள்வியோடுதான் எங்களில் பலர் வளர்ந்தோம். ஆண்மை எண்டு சொல்லி நாங்கள் தோளில் தூக்கித் திரிவதும் அந்தக் கழுதையைத்தானோ என்று இந்த ஓவியத்தைப் பார்க்கும்போது தோன்றுகிறது. கக்கர் ஊரோடு சண்டைக்குப் போகவில்லை, ஊரைத் திருத்தவும் வெளிக்கிடவில்லை. கழுதையை இறக்கி வைத்துவிட்டு, மேலே ஏறி நின்று பார்த்தார். அதற்கே அவருக்கு 47 வருடம் எடுத்தது.