மினமாட்டாப் பூனைகள்: வரலாற்றுச் சான்று பற்றிய ஒரு நோக்கு

சாசனங்களும் ஏடுகளும் அரச ஆவணங்களுமே வரலாற்றின் மூலாதாரங்கள் எனக் கொள்வது வழக்கம். விலங்கின் உடலும் ஓர் ஆதாரமாகலாம் என்பதை யப்பானிலுள்ள மினமாட்டா என்னும் கரையோர நகரின் வரலாறு உணர்த்துகின்றது.

1950களில் அந்நகரின் மீனவர் குடியிருப்புகளிற் பூனைகள் தள்ளாடி நடந்தன, வலிப்புற்றுச் சுழன்றன, சில கடலில் வீழ்ந்து மடிந்தன. 1956 மே 1ஆந் திகதி, சிசோ இரசாயனத் தொழிற்சாலையின் வைத்தியசாலைப் பணிப்பாளரான ஹஜிமே ஹொசோகாவா, காரணம் அறியப்படாத நரம்பு நோயொன்று மனிதரிடையே தோன்றியிருப்பதைச் சுகாதார அலுவலகத்துக்கு அறிவித்தார். பூனைகளும் மனிதரும் உண்டது ஒரே குடாவின் மீனையே.

அத்தொழிற்சாலை 1932 முதல் அசற்றல்டிகைட்டு உற்பத்தியில் இரசத்தை ஊக்கியாகப் பயன்படுத்தி வந்தது. அதன்போது உண்டான மெதைல் இரசம் கழிவுநீருடன் கடலை அடைந்தது; சிறுமீனிலிருந்து பெருமீனுக்குச் செல்லுந்தோறும் அதன் செறிவு பெருகிற்று. உணவுக்கால்வாயில் இலகுவாக அகத்துறிஞ்சப்படும் இந்நஞ்சு, அனுசேபத்துக்கு வேண்டிய அமினோவமிலமொன்றை ஒத்த வடிவு பெற்று மூளையினுள் நுழைகின்றது. ஊட்டம் செல்லும் வழியே நஞ்சு செல்லும் வழியுமாயிற்று.

1959 யூலையில், சேதன இரசமே இந்நோய்க்குக் காரணமெனக் குமமோட்டோப் பல்கலைக்கழக ஆய்வாளர் அறிவித்தனர். அதே மாதத்தில் ஹொசோகாவா, 400 என இலக்கமிடப்பட்ட பூனையொன்றுக்குத் தொழிற்சாலைக் கழிவுநீரை உணவிற் கலந்து கொடுக்கத் தொடங்கினார். ஒற்றோபரில் அப்பூனைக்கும் அந்நோய் கண்டது. நிருவாகம் இம்முடிவை வெளியிடவில்லை. மாறாக, டிசெம்பரில் நோயாளருக்குச் சிறு தொகையை அனுதாபப் பணமாக வழங்க உடன்பட்டது. தொழிற்சாலையே காரணமெனப் பின்னர் தெரியவரினும் மேலும் நட்டஈடு கோரலாகாது என்ற நிபந்தனையையும் உடன்படிக்கையிற் சேர்த்துக்கொண்டது.

அசற்றல்டிகைட்டு உற்பத்தி 1968 மே வரை தொடர்ந்தது. அவ்வாண்டு செப்ரெம்பரிலேயே அரசாங்கம் உண்மையை ஏற்றது. 1970இல் ஹொசோகாவா நோய்ப்படுக்கையில் இருந்தவாறே பூனைச் சோதனைபற்றிச் சாட்சியமளித்தார், அவ்வாண்டிலேயே காலமானார். 1973 மார்ச்சில் நீதிமன்றம் கம்பனியைப் பொறுப்பாளியெனத் தீர்ப்பளித்ததுடன், மேற்படி உடன்படிக்கையும் செல்லாதெனக் கூறிற்று.

இத்தாமதம் ஆதாரம் இன்மையால் நேர்ந்ததன்று. ஆதாரம் ஒரு தரப்பாரின் கையிற் பூட்டப்பட்டிருந்தமையால் நேர்ந்ததாகும். எனவே, சான்றுகளைத் தேடும் வரலாற்று மாணவன், அவை யார் வசம் இருந்தன, ஏன் மறைக்கப்பட்டன எனவும் வினாதல் வேண்டும்.